பதில் எழுதிய கை

அத்தியாயம் 17

வெள்ளிக்கிழமை காலை எட்டரை மணி. பள்ளியின் அறிவியல் ஆய்வகத்தில் லேப் அக்கா பீக்கர்களைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். முதல் பீரியட் பத்தாம் வகுப்புக்குச் செய்முறை. நாற்பத்திரண்டு பேருக்கு இருபது பீக்கர். அதைச் சமாளிப்பதே தனி விஞ்ஞானம்.

ஆனால் இன்று அவளுக்கு எதுவும் பாரமாக இல்லை. மத்தியானத்துக்கு மேல் லீவு சொல்லியிருந்தாள். நாலு மணிக்கு நூலக அரங்கில் அவளுடைய புத்தகம் வெளிவருகிறது.

என்னுடைய புத்தகம் என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்தாலே கூச்சமாக இருந்தது. சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை.

இந்தக் குடும்பத்தை இன்றுதான் சந்திப்பவர்களுக்காக நாலு வரி. அவள் ஆசிரியை இல்லை, ஆய்வக உதவியாளர். பன்னிரண்டு வருஷத்துக்கு முன், வகுப்பில் கேட்கப் பயந்த ஒரு மாணவி தன் சந்தேகத்தைத் துண்டுச் சீட்டில் எழுதி இவளிடம் நீட்டினாள். இவள் சீட்டின் பின்பக்கம் பதில் எழுதிக் கொடுத்தாள். அடுத்த வாரம் ஆறு சீட்டு வந்தது. அடுத்த மாதம் ஜன்னலோரம் ஓர் அட்டைப் பெட்டியே வைக்க வேண்டியதாயிற்று. தெரிந்ததை உடனே எழுதினாள். தெரியாததை நூலகத்தில் உட்கார்ந்து தேடி எழுதினாள். இயற்பியல், கணக்கு, வரலாறு, புவியியல், எதையும் அவள் திருப்பி அனுப்பியதில்லை. ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு படி எடுத்து வைத்தாள். பதினொரு நோட்டு சேர்ந்தது.

மூன்று மாதத்துக்கு முன் அந்தப் பதினொரு நோட்டையும் தங்கையிடம் கொடுத்தாள். தங்கை வேறொரு பள்ளியில் மொழி ஆசிரியை, எழுத்தைச் சீர் பண்ணவும் இலக்கணப் பகுதியை எழுதிச் சேர்க்கவும் தெரிந்தவள், பதிப்பாளரைத் தெரிந்தவள். அச்சிடுவது கூட அக்காவின் வீட்டுக்காரர் பைண்டராக இருக்கும் அச்சகத்தில்தான். போன வாரம் தங்கை போனில், "நீ முன்வரிசையில உக்காரணும் அக்கா" என்று சொன்னதும், அதைக் கேட்ட பைண்டர் சட்டென்று பேச்சை மாற்றியதும் நினைவிருக்கலாம்.

லேப் அக்காவுக்கு அது நினைவில்லை. சந்தோஷத்தில் இருப்பவர்களுக்கு அப்படிப்பட்டவை கண்ணில் படுவதில்லை.

ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு பெட்டியைத் திறந்தாள். மூன்று சீட்டு. 'அமிலமும் காரமும் கலந்தால் உப்பும் தண்ணீரும் என்றால் அதைக் குடிக்கலாமா?' என்று ஒன்று. 'புரட்சிக்குக் காரணம் மூன்று எழுதினால் போதுமா, ஐந்து வேண்டுமா?' என்று ஒன்று. மூன்றாவதைப் படித்துச் சிரித்துவிட்டாள். 'மைனஸும் மைனஸும் பெருக்கினால் பிளஸ் எப்படி? எங்கள் வீட்டில் இரண்டு மைனஸ் சேர்ந்தால் சண்டைதான் வருகிறது.'

அந்தச் சீட்டைத் திருப்பி எழுத ஆரம்பித்தாள். 'ஆய்வகத்தில் தினமும் மூன்று பீக்கர் உடைகிறது என்று வைத்துக்கொள். அது மைனஸ் மூன்று. நான்கு நாள் பின்னால் போ. அது மைனஸ் நான்கு. அன்றைக்கு இன்றைவிட எத்தனை பீக்கர் கூடுதலாக இருந்தது?'

"லேப் அக்கா."

வாசலில் டவுட்டு நின்றிருந்தாள். பத்தாம் வகுப்பு மாணவி. ஆறாம் வகுப்பிலிருந்து பெட்டிக்கு அதிகம் சீட்டு போட்டவள் என்பதால் பள்ளி முழுக்க அவளுக்கு அந்தப் பெயர்தான். மூச்சு வாங்கியது. கையில் ஒரு புத்தகம்.

"ஒரு அநியாயம் நடந்திருக்கு அக்கா."

"காலையிலேயேவா? என்ன?"

"எங்க சித்தப்பா கடைக்கு நேத்து இந்தப் புக்கு வந்துச்சு. யாரோ ஒரு டீச்சர் உங்க பதிலையெல்லாம் அப்படியே காப்பி அடிச்சு எழுதியிருக்காங்க. பாருங்க, என் கேள்வி கூட இருக்கு."

லேப் அக்காவுக்கு மனசு துள்ளியது. வந்துவிட்டது. அட்டை இன்னும் வரவில்லை, வரவில்லை என்று தினமும் சாயங்காலம் பைண்டர் சொல்லிக்கொண்டிருந்தாரே, கடைக்கே வந்துவிட்டது. கையை இன்னொரு தடவை துடைத்துவிட்டு வாங்கினாள்.

நீல அட்டை. 'பத்தாம் வகுப்புக் கேள்விகள்: எளிய பதில்கள்'. கீழே தங்கையின் பெயர். அதற்குப் பின்னால் அவளுடைய இரண்டு பட்டங்கள்.

அவ்வளவுதான்.

உள்ளே இருக்கும் என்று திருப்பினாள். முதல் பக்கத்திலும் தங்கை பெயர்தான். அடுத்த பக்கத்தில் அச்சகத்தின் பெயர், பதிப்பாளர் பெயர், அட்டைப் படம் வரைந்தவர் பெயர். அதற்கடுத்து முன்னுரை. அதன் கடைசி வரிக்கு வந்தபோது எழுத்துகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறின. இன்னொரு தடவை படித்தாள்.

'வீட்டுச் சுமைகளைத் தாங்கி, நான் எழுத நேரம் தந்த என் அக்காவுக்கு நன்றி.'

"என் சீட்டை எடுத்துட்டு வந்திருக்கேன் அக்கா. எட்டாவதுல நான் கேட்டது. கொதிக்கிற தண்ணிய ஊத்தினா தடிமனான கண்ணாடி டம்ளர் உடையுது, மெல்லிசானது ஏன் உடையலன்னு. பக்கம் முப்பத்தொண்ணு."

டவுட்டு சீட்டைப் பக்கத்தில் வைத்தாள். மடிப்பில் கிழிந்து, பசைத்தாள் ஒட்டிய சீட்டு. இரண்டு வருஷமாகப் பத்திரப்படுத்தியிருக்கிறாள்.

சீட்டில் லேப் அக்காவின் கையெழுத்து: 'உள்பக்கம் சூடாகி விரியும்போது வெளிப்பக்கத்துக்கு இன்னும் சூடே போய்ச் சேர்ந்திருக்காது. ஒரு பக்கம் விரிய, ஒரு பக்கம் மறுக்க, கண்ணாடி விரிசல் விடுகிறது. மெல்லிய கண்ணாடியில் இரண்டு பக்கமும் சீக்கிரமே ஒன்றாகச் சூடேறிவிடும். இந்த வேலைக்கு வந்த முதல் வருஷம் நான் இரண்டு குடுவையை இப்படி உடைத்துத் திட்டு வாங்கினேன்.'

புத்தகத்திலும் அதேதான். கடைசி வரி மட்டும் மாறியிருந்தது. 'என் ஆசிரியப் பணியின் முதல் ஆண்டில் நான் இரண்டு குடுவைகளை இப்படி உடைத்துத் திட்டு வாங்கினேன்.'

வாங்கின திட்டைக் கூட எடுத்துக்கொண்டுவிட்டாள்.

"யாருக்கா இவங்க? சும்மா விடக்கூடாது."

லேப் அக்கா புத்தகத்தை மூடினாள். பதில் சொல்லத்தான் வேண்டியிருந்தது.

"என் தங்கச்சி."

டவுட்டு தன் சீட்டை எடுத்து மடித்து வைத்துக்கொண்டாள். அவளுக்குக் கூட அதற்கு மேல் எதுவும் கேட்கத் தோன்றவில்லை.

---

அச்சகம் நாலு தெரு தள்ளி இருந்தது. மத்தியானம் வரை காத்திருக்க லேப் அக்காவால் முடியவில்லை. செய்முறை முடிந்ததும் உடம்பு சரியில்லை என்று தலைமை ஆசிரியரிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினாள். பொய் என்றும் சொல்ல முடியாது.

பைண்டிங் பகுதி பின்பக்கக் கொட்டகையில். மடித்த தாள்கள் இடுப்புயரத்துக்கு அடுக்கியிருந்தன. பசை வாசனை. வெட்டும் இயந்திரம் இறங்கும்போதெல்லாம் தரை ஒரு தடவை அதிர்ந்தது. பைண்டர் குனிந்து கட்டுக்கு மேல் எடை வைத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்தவர் அவளைப் பார்த்தார். அவள் கையில் இருந்த நீல அட்டையைப் பார்த்தார்.

கையிலிருந்த இரும்புக் கட்டையை மெதுவாகக் கீழே வைத்தார்.

"எப்ப தெரியும் உங்களுக்கு?"

"வெளிய போய்ப் பேசலாம்."

"இங்கயே சொல்லுங்க. மெஷின் சத்தத்துல யாருக்கும் கேக்காது."

அவர் விரலில் காய்ந்திருந்த பசையை உரித்தார். "முதல் ஃபாரம் வந்தப்ப. முதல் பதினாறு பக்கம் அச்சாகி வந்த தாள்."

"அது எப்ப?"

"இருபத்தாறு நாளாச்சு."

நாளைக் கூட எண்ணி வைத்திருக்கிறார். அவளுக்கு அதுதான் முதலில் உறைத்தது.

"ஃபாரத்தைப் பார்த்ததும் உன் தங்கச்சிக்குத்தான் போன் பண்ணேன். பேரு விட்டுப்போச்சு போலிருக்கேன்னு. அவதான் சொன்னா, விட்டுப்போகல, காரணம் இருக்கு அத்தான், அக்காகிட்ட நானே பக்குவமா சொல்லிக்கறேன், நீங்க அவசரப்படாதீங்கன்னு."

"அவ சொல்லல."

"இன்னைக்குச் சொல்வா, நாளைக்குச் சொல்வான்னு நானும் பார்த்தேன்."

"நான் தினம் கேட்டேனே. முதல் காப்பி எப்ப கொண்டு வருவீங்கன்னு தினம் கேட்டேனே. அட்டை வரல, அட்டை வரலன்னு என் மூஞ்சியப் பார்த்துச் சொன்னீங்களே."

"உன் மூஞ்சியில இருந்த சந்தோஷத்தைக் கெடுக்க மனசு வரல."

"அந்தச் சந்தோஷத்தைப் பார்த்துக்கிட்டே இருபத்தாறு நாள் என்கூட உக்காந்து சாப்பிட்டிருக்கீங்க."

இயந்திரம் இறங்கியது. தரை அதிர்ந்தது.

"எத்தனை காப்பி?"

"மூவாயிரம்."

"எல்லாம் நீங்க தைச்சதா?"

"நானும் இன்னும் ரெண்டு பேரும்."

"முதல் ஃபாரத்தை மடிச்சது?"

பைண்டர் தலையைக் குனிந்துகொண்டார். முதல் ஃபாரத்தை அவர் யாரிடமும் கொடுப்பதில்லை என்று அவளுக்குத் தெரியும். கோணலாகிவிட்டால் புத்தகமே கோணலாகிவிடும் என்பார்.

"வேற ஏதாவது என்கிட்ட மறைச்சிருக்கீங்களா?"

"இல்ல."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"இல்லன்னு சொல்றேன்ல."

பதினெட்டு வருஷத்தில் அவர் அவளிடம் குரல் உயர்த்தியது குறைவு. இப்போது உயர்த்தினார். பயந்தவன் குரல் போலிருந்தது. அவள் அதைக் கவனித்தாள், ஆனால் யோசிக்க நிற்கவில்லை. அடுத்துப் போக வேண்டிய இடம் இருந்தது.

---

தங்கை வரும்வரை நூலகத்திலேயே காத்திருந்து, மூன்றரை மணிக்கு லேப் அக்கா அரங்கின் பக்கவாட்டிலிருந்த சின்ன அறைக்குப் போனாள். பழைய நாற்காலிகளும் ஒரு மேஜையும். தங்கை தனியாக உட்கார்ந்து ஒரு தாளைப் பார்த்து உதட்டை அசைத்துக்கொண்டிருந்தாள். பேச வேண்டியதை மனப்பாடம் செய்கிறாள். சின்ன வயதிலிருந்தே அவளுக்கு அந்த வழக்கம்.

அக்காவைக் கண்டதும் எழுந்தாள். முகம் மலர்ந்தது. நீல அட்டையைக் கண்டதும் சுண்டியது.

"அக்கா, நானே சொல்லணும்னுதான்..."

"எப்ப? மூவாயிரம் காப்பியும் வித்த பிறகா?"

"உக்காரு. ஒரு நிமிஷம் உக்காரு." கதவைச் சாத்தினாள். "நான் ரெண்டு பேர் பேரும் போடணும்னுதான் சொன்னேன். பதிப்பாளர் ஒத்துக்கல. பாடப் புத்தகம் மாதிரி விக்கற சரக்கு இது, பன்னிரண்டாவது தேறாதவங்க பேரு அட்டையில இருந்தா எந்த ஸ்கூல்லயும் வாங்க மாட்டாங்கன்னுட்டார். நான் என்ன பண்ணட்டும்?"

லேப் அக்கா உட்காரவில்லை.

"அவருக்கு எப்படித் தெரியும்?"

"என்னது?"

"நான் பன்னிரண்டாவது தேறலன்னு அவருக்கு யார் சொன்னது?"

தங்கை கையிலிருந்த தாளை மடித்தாள்.

கணக்கில் இரண்டு மதிப்பெண் குறைந்துபோனது. இருபத்துநாலு வருஷத்துக்கு முந்தைய கதை. திரும்ப எழுதவில்லை. முதலில் வெட்கம், பிறகு வேலை, பிறகு பழக்கம். பள்ளியில் யாரும் கேட்டதில்லை. அவள் வேலைக்குப் பத்தாவது போதும். பெட்டிக்குச் சீட்டு போடும் பிள்ளைகள் அவள் எல்லாம் படித்து முடித்தவள் என்று நினைத்தார்கள். அவள் அதை மறுத்ததில்லை. இப்போது அது தெரிந்தவர்கள் இரண்டே பேர்தான். ஒருவர் பைண்டர். இன்னொருத்தி, அன்றைக்கு முடிவு வந்ததும் அவள் கட்டிலுக்கடியில் ஒளிந்துகொண்டபோது கூடவே உள்ளே வந்து படுத்துக்கொண்ட பன்னிரண்டு வயதுத் தங்கை.

"அவர் உன் படிப்பு என்னன்னு கேட்டார் அக்கா. நான் பொய் சொல்ல முடியுமா?"

"ஆசிரியப் பணியின் முதல் ஆண்டுல குடுவை உடைச்சேன்னு எழுதியிருக்க. குடுவையக் கையில தொட்டிருக்கியா நீ?"

தங்கையின் கண் கலங்கியது. "இன்னைக்கு மட்டும் எதுவும் பேசாத. மூணு ஸ்கூல் பசங்க வந்திருக்காங்க. எங்க தலைமை ஆசிரியை வந்திருக்காங்க. ரெண்டாவது பதிப்புல உன் பேரைச் சேர்க்க வைக்கறேன். உனக்கு நான் செய்ய மாட்டேனா?"

லேப் அக்கா கதவைத் திறந்தாள். வெளியே வந்தாள். முன்வரிசையில் அவளுக்கென்று ஒரு நாற்காலி காலியாக இருந்தது. அதைத் தாண்டிப் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தாள்.

---

பதிப்பாளர் பேசினார். தலைமை ஆசிரியை பேசினார். தங்கை பேசினாள். நன்றாகத்தான் பேசினாள். "குழந்தைகளின் கேள்விகளோடு நான் வாழ்ந்திருக்கிறேன்" என்றபோது கைதட்டல் எழுந்தது.

பிறகு மாணவர்கள் கேட்கலாம் என்றார்கள்.

முதல் கேள்வி இலக்கணத்தில். தங்கை பிரமாதமாகச் சொன்னாள். அது அவள் பாடம். இரண்டாவது, தேர்வுக்கு எப்படித் திட்டம் போடுவது என்று. அதையும் சொன்னாள். மூன்றாவதாக ஒரு நெட்டைப் பையன் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு எழுந்தான்.

"பக்கம் எண்பத்தி நாலுல, தாவரங்கள் பகலில் ஒளிச்சேர்க்கை செய்யும், இரவில் சுவாசிக்கும்னு இருக்கு மிஸ். எங்க உயிரியல் சார், ராத்திரி பகல் ரெண்டு நேரமும் சுவாசிக்கும்னு சொல்லிக் கொடுத்தார். பரீட்சையில எதை எழுதறது?"

கடைசி வரிசையில் லேப் அக்கா நிமிர்ந்தாள். அவள் எழுதியது ஐந்து வரி. தங்கை அதை ஒரு வரியாகச் சுருக்கியிருக்கிறாள். சுருக்கியதில் உண்மை போய்விட்டது.

மேடையில் தங்கை பக்கத்தைப் புரட்டினாள். பதிப்பாளர் அவளையே பார்த்தார். தலைமை ஆசிரியையும் பார்த்தார். மைக்கில் தாள் உரசும் சத்தம் கேட்டது.

தங்கை சிரித்தாள். "உண்மையைச் சொல்லணும்னா, அந்தப் பகுதிக்குக் குறிப்பு எடுத்துக் கொடுத்தது என் அக்கா. அவங்க ஒரு ஸ்கூல் லேப்ல உதவியாளரா இருக்காங்க. சின்னத் தவறு நடந்திருக்கலாம். அடுத்த பதிப்புல திருத்திடுவோம்."

அரங்கில் இரண்டு மூன்று பேர் பரிவோடு தலையாட்டினார்கள்.

பதில் எழுதியவளாகப் புத்தகம் முழுக்க எங்கும் இல்லாத அக்கா, தப்பு வந்ததும் வந்துவிட்டாள்.

லேப் அக்கா எழுந்தாள். எழ வேண்டும் என்று முடிவெடுத்த மாதிரி அவளுக்கு நினைவில்லை. பேசியது மேடையைப் பார்த்து அல்ல, அந்தப் பையனைப் பார்த்து.

"உங்க சார் சொன்னதுதான் சரி தம்பி. நீ ராத்திரி மட்டுமா மூச்சு விடற? செடியும் அப்படித்தான். ராத்திரி பகல் எந்நேரமும் சுவாசிக்குது. பகல்ல வெளிச்சம் இருக்கறப்ப ஒளிச்சேர்க்கையும் கூட நடக்குது. அதுல வெளிய வர்ற ஆக்ஸிஜன், சுவாசத்துக்குச் செலவாகறதைவிட ரொம்ப அதிகம். அதனால பகல்ல அது சுவாசிக்கறது நமக்குத் தெரியறதில்ல. ராத்திரி ஒளிச்சேர்க்கை நின்னுடும், அப்ப சுவாசம் மட்டும் தெரியும். புத்தகத்துல இருக்கறது தப்பு. அடிச்சுட்டு இதை எழுதிக்கோ."

பையன் அங்கேயே பேனாவை எடுத்து அடித்தான். பக்கத்திலிருந்தவர்களும் அடித்தார்கள்.

"அப்ப ராத்திரி மரத்தடியில தூங்கினா செத்துடுவோமா?" என்று ஒரு பெண் கேட்டாள்.

"மரம் விடற மூச்சு, பக்கத்துல படுத்திருக்கற உன் தம்பி விடறதைவிடக் குறைச்சல்தான். தம்பி பக்கத்துல தூங்கிச் செத்தியா?"

அரங்கு சிரித்தது. இன்னொரு கை உயர்ந்தது. கோடைக்காலம் வருவது பூமி சூரியனுக்குப் பக்கத்தில் போவதாலா என்று. இல்லை, பூமி சாய்ந்து சுற்றுவதால் என்று பக்கத்திலிருந்த பையின் மேல் பந்து மாதிரி முஷ்டியை வைத்துக் காட்டினாள். பூஜ்யத்தால் ஏன் வகுக்கக்கூடாது என்று ஒருத்தி. உலோகம் ஏன் மரத்தைவிடக் குளிர்ச்சியாக இருக்கிறது என்று ஒருவன். நாற்காலிகள் திரும்பின. மேடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மொத்த அரங்கும் கடைசி வரிசையைப் பார்த்தது.

மேடையில் தங்கை மைக்கைப் பிடித்தபடி நின்றாள்.

லேப் அக்காவுக்கு ஒரு கணம் இனித்தது. நன்றாக வேண்டும் என்று தோன்றியது. உடனே அப்படித் தோன்றியதற்காக உடம்பு கூசியது.

அப்போதுதான் அவள் பள்ளிப் பிள்ளைகளின் வரிசையிலிருந்து டவுட்டு எழுந்தாள்.

"லேப் அக்கா, இந்தப் புக்குல இருக்கற பதில் எல்லாம் நீங்க எழுதினதுதானே?"

சத்தம் அடங்கியது. தங்கை அக்காவைப் பார்த்தாள். மேடையிலிருந்து அவ்வளவு தூரத்திலும் அந்தப் பார்வை தெரிந்தது. வேண்டாம் அக்கா என்றது.

"இலக்கணம் என் தங்கச்சி எழுதினது. மத்ததெல்லாம் நான் எழுதினது." யாராவது சொல்லித் தெரிவதற்கு முன் தானே சொல்லிவிடலாம் என்று பட்டது. "நான் பன்னிரண்டாவது தேறல. கணக்குல ரெண்டு மார்க் போச்சு. அதையும் தெரிஞ்சுக்கோங்க."

யாரும் சிரிக்கவில்லை. பூஜ்யத்தைப் பற்றிக் கேட்டவள், எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்தாமல் எழுதி முடித்தாள்.

---

பதிப்பாளர் அவளைப் பக்கத்து அறைக்கு அழைத்தார். தங்கையும் வந்தாள். கதவைச் சாத்தியதும் அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். கோபக்காரர் இல்லை, குழம்பிப் போனவர் மாதிரி இருந்தார்.

"அம்மா, உங்க மேல எனக்கு மரியாதை இருக்கு. இப்ப பார்த்தேன், அசந்து போனேன். ஆனா நீங்க இப்படிப் பேசலாமா? நீங்களே எழுதிக் கொடுத்திருக்கீங்களே."

"என்ன எழுதிக் கொடுத்திருக்கேன்?"

"அக்கா, வா போகலாம்" என்றாள் தங்கை. குரல் மாறியிருந்தது. "சார், அதெல்லாம் இப்ப எதுக்கு? அப்புறம் பேசிக்கலாம்."

பதிப்பாளர் பையிலிருந்து ஒரு கோப்பை எடுத்தார். கோடு போட்ட ஒற்றைத் தாள், கையால் எழுதியது. மேஜைமேல் அவள் பக்கமாகத் திருப்பி வைத்தார்.

'இந்த நூலில் உள்ள கேள்விகளையும் பதில்களையும் எழுதியவர் என் தங்கை. நோட்டுகளில் படி எடுத்து மட்டுமே நான் உதவினேன். இதில் எனக்கு எந்த உரிமையும் இல்லை. முழுச் சம்மதத்துடன் கையொப்பமிடுகிறேன்.'

கீழே அவளுடைய கையொப்பம். கடைசி எழுத்தின் வால் மேல்நோக்கி வளைந்து, நடுவில் ஒரு புள்ளியோடு. அச்சு அசல்.

அவள் ஒருபோதும் போடாத கையொப்பம்.

தங்கையைப் பார்த்தாள். தங்கை சுவரைப் பார்த்தாள்.

லேப் அக்கா திரும்பவும் தாளைப் படித்தாள். இந்தத் தடவை வாசகத்தை அல்ல, எழுத்தை. பன்னிரண்டு வருஷமாகச் சீட்டில் பெயரே இல்லாவிட்டாலும் எழுத்தை வைத்து எந்தப் பிள்ளை என்று சொல்லிவிடுபவள் அவள். தங்கையின் எழுத்து நிமிர்ந்து நிற்கும். இது இடப்பக்கம் சாய்ந்திருந்தது. வரிகள் கோட்டுக்குக் கொஞ்சம் மேலே மிதந்தன. கட்டுகளின் மேல் எண் எழுதிப் பழகிய கை.

காலையில் அந்தக் கொட்டகையில் கேட்ட குரல் இப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. இல்லன்னு சொல்றேன்ல.

"இது உங்க கையெழுத்துதானே?" என்று பதிப்பாளர் கேட்டார். "இல்லன்னு சொன்னீங்கன்னா நான் இதை விட முடியாது. யார் போட்டாங்கன்னு விசாரிக்கணும். யோசிச்சுச் சொல்லுங்க."

"அக்கா" என்றாள் தங்கை.

"என்னுது இல்ல" என்றாள் லேப் அக்கா. "என் வீட்டுக்காரர் எழுத்து."

பதிப்பாளர் அவளுக்குப் பின்னால் பார்த்தார். அவள் திரும்பினாள்.

சாத்தியிருந்த கதவு பாதி திறந்திருந்தது. பைண்டர் நின்றிருந்தார். வேலை உடுப்பை மாற்றாமலே ஓடி வந்திருந்தார். எதையோ சொல்லிவிட வேண்டும் என்று வழியெல்லாம் சேர்த்து வைத்துக்கொண்டு வந்தவரின் முகம், சொல்ல வேண்டியதை முந்திக்கொண்டு யாரோ சொல்லிவிட்டதால் காலியாக இருந்தது.

"அத்தான், நீங்க எதுவும் பேசாதீங்க" என்றாள் தங்கை, வேகமாக.

அக்கா ஒருத்தரை மாற்றி ஒருத்தரைப் பார்த்தாள். அவர்களுக்கிடையில் இன்னும் ஏதோ இருந்தது. கேட்டால் இரண்டு பேருமே 'இல்லை' என்றுதான் சொல்வார்கள்.

தாளை மேஜையிலேயே விட்டுவிட்டு வெளியே நடந்தாள். பைண்டர் வழிவிட்டார். படிக்கட்டு வரை பின்னாலேயே வந்தார்.

அவள் திரும்பாமல் கேட்டாள்.

"என் கையெழுத்தை எத்தனை நாள் போட்டுப் பழகுனீங்க?"

"பழகல. பதினெட்டு வருஷமாப் பார்க்கறேன். உன் கையெழுத்து எனக்குத் தெரியாதா?"

மூன்றாவது படியில் அவள் கால் நின்றது. கைப்பிடிக் கம்பியை இறுகப் பற்றிக்கொண்டாள். பிறகு இறங்கினாள்.

நிறுத்தத்தில் வீட்டுப் பக்கம் போகும் பஸ் நின்றிருந்தது. கண்டக்டர் அவளைத் தெரிந்தவர். ஏறுங்க என்று கையைக் காட்டினார். அவள் தலையை அசைத்து வேண்டாம் என்றாள். பஸ் நகர்ந்தது. சாலையைக் கடந்து, எதிர்ப்பக்க நிறுத்தத்தில் போய் நின்றாள்.

படிக்கட்டின் மேலிருந்து பைண்டர் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பக்கம் எந்த பஸ் போனாலும், வழியில் அவளுக்குத் தெரிந்த ஊர் எதுவும் இல்லை.